மாமாவை அளக்காமல் செய்த நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கணவன், மனைவி. திருநகரிலிருந்து வருகிறார்களாம். இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் வாசிக்கிறவர்களாம். வணக்கம் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் எதையோ தேடினார்கள்.

புரிந்துவிட்டது. எழுதுகிற பொம்பளையைப் பார்க்க வந்தவர்கள் இல்லை இவர்கள். கார் ஷெட்டில் வெல்டிங் செட் வைத்திருக்கிற பொம்பளையைப் பார்க்க வந்தவர்கள்.

அந்த அம்மாவுக்கு மரவேலையில் ஆசை. மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, அதில் சின்னதாக ஒரு பட்டறை போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் சரி என்று சொல்லிவிட்டார். முகத்தைப் பார்த்தால் மனதாரச் சொன்னவர் மாதிரிதான் இருந்தார். முதலில் என்ன வாங்கட்டும் என்று அந்த அம்மா கேட்டார்.

மேஜையோடு முடுக்கி வைக்கிற மாதிரி நல்ல பெஞ்ச் வைஸ் ஒன்று வாங்குங்கள் என்றேன். ரம்பம், உளி, அரம் எல்லாம் பிறகு. பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு வாய் இருந்தால்தான் மற்ற கருவிக்கே வேலை. அவர்கள் காப்பி குடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கேட்டதற்குப் பாதி பதில்தான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியைச் சொல்ல வேண்டுமானால் என் மாமனார் கதையைச் சொல்ல வேண்டும். அதை வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா?

ஒரே ஒரு வேண்டுகோள். காலை டிபனோடு இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள், டிபனை முடித்து, கை கழுவிவிட்டு வாருங்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

எங்கள் காலனியில் எல்லா வீட்டிலும் கார் ஷெட் உண்டு. கார்தான் கிடையாது. லோன் போட்டு வீடு கட்டும்போதே, என்றைக்காவது வாங்கப் போகிற காருக்கு ஒரு கூரையும் சேர்த்துப் போட்டுவிடுவோம். அப்புறம் அதன் கீழே ஒரு மொபெட், மீந்துபோன சிமென்ட் மூட்டை, கல்யாணத்துக்கு வந்த அண்டா எல்லாம் குடியிருக்கும். எங்கள் ஷெட்டுக்கு அந்தக் கதி வராமல் காப்பாற்றியவர் ஓர் ஆசாரி. பரணுக்குக் கதவு போட வந்தவர், ஒரு கதவை மாட்டினார். இன்னொன்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். மச்சான் வீட்டில் விசேஷம் என்று உசிலம்பட்டிக்குப் போனார். போனவர் போனவர்தான்.

எத்தனை நாள் சாய்ந்த கதவையே பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு ரம்பமும் ஸ்க்ரூ டிரைவரும் வாங்கி நானே மாட்டினேன். அது இன்றைக்கும் லேசாக உரசும். ஆனால் மூடும். அந்தக் கதவைத் தினம் நான் எத்தனை முறை தேவையில்லாமல் திறந்து மூடினேன் என்பதை என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

பிடித்துக்கொண்டது. என் ஆபீஸ் விட்டதும் நேராக மாரட் வீதி ஹார்டுவேர் கடைக்குப் போவேன். கல்லாவில் இருக்கிற அண்ணாச்சி, என்ன சைஸ் என்று என்னைக் கேட்க மாட்டார். சாரை வரச் சொல்லுங்கம்மா, அவுகளுக்குத்தான் தெரியும் என்பார். அந்தச் சாருக்கு ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. தங்கமான மனிதர், எதிலும் தலையிட மாட்டார். அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் சாமி படத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

தெருவில் வேறு மாதிரி கவலை. எதிர்வீட்டு அம்மா ஒருநாள் ரகசியமாகக் கூப்பிட்டு, சாருக்கு ஆபீஸில் ஏதும் பிரச்சனையா என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. நம் ஊரில் எம்பிராய்டரி போட்டால் பொழுதுபோக்கு. ஊறுகாய் போட்டால் கெட்டிக்காரத்தனம். ஆபீஸர் வீட்டுப் பொம்பளை ரம்பத்தைக் கையில் எடுத்தால் மட்டும், வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம்!

இருந்தாலும் ஷெட் வளர்ந்தது. சுவரோரம் ஒரு கனமான மேஜை. மேஜையின் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் இரும்பு. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. பொறி பறந்து மரச் சுருளில் விழுந்துவிடக் கூடாதல்லவா? மூலையில் ஒரு வாளி மணல். எலெக்ட்ரீஷியனை வைத்து ஷெட்டுக்கென்று தனியாக எர்த் இழுத்தேன். இதையெல்லாம் படிக்கிற நீங்களும் செய்யுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் பக்தியோடு சந்தனம் அப்பினேன். மறுநாள் துடைத்தால், பளபளவென்று இருந்த இழைப்புளியின் அடியில் பொட்டு வைத்த இடமெல்லாம் துரு. இப்போது எங்கள் ஷெட்டில் சரஸ்வதிக்கு மரப்பிடியில் மட்டும்தான் பொட்டு.

சேலை கட்டிக்கொண்டு டிரில்லிங் மெஷின் பக்கம் போகக் கூடாது. முந்தானை ஒரு தடவை சுற்றிக்கொண்டால் முடிந்தது கதை. அதனால் வீட்டுக்காரரின் பழைய பேண்ட், பழைய சட்டை, தலையில் ஒரு துண்டு. குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை தபால்காரர் வந்து, தம்பி, வீட்ல அம்மா இல்லையா என்று என்னிடமே கேட்டார்.

அப்புறம் வெல்டிங் செட். சின்னதுதான். ஆனால் நான் அதைப் பற்றவைத்தால் தெருவில் நாலு வீட்டுக்கு லைட் மங்கும், டி.வி. படம் சுருங்கும். சண்டை வந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சீரியல் ஓடுகிற நேரத்தில் வெல்டிங் கிடையாது.

என்ன செய்தேன்? ஸ்டூல் செய்தேன். செருப்பு ஸ்டாண்டு செய்தேன். பூந்தொட்டிக்குக் கால் செய்தேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் கையில் ஒரு ஸ்டூலோடு போவேன். வாங்கிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். யாரும் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. அது எனக்கு உள்ளுக்குள் ஒரு குறைதான்.

அந்தச் சமயத்தில்தான் பேரையூரில் என் மாமனார் வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் எலும்பு முறிவு. மாமியார் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மதுரைக்குக் கொண்டுவந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். எக்ஸ்ரேயை லைட்டில் பிடித்துப் பார்த்தேன். ஃபிட்டிங் நன்றாகவே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்ததால் அவள் அறை மாமாவுக்கு.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் எல்லாம் இல்லை. அவர்கள் பக்கத்தில் மருமகளுக்குக் கொடுக்கிற மரியாதை அது. மருமகளும் மாமனார் எதிரே உட்கார மாட்டாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். என் வீட்டுக்காரர் இருந்தால் அவர் மூலமாகப் பேச்சு நடக்கும். அவர் இல்லாவிட்டால் மாமா கதவைப் பார்த்துப் பேசுவார். "காப்பி இருந்தா நல்லாருக்கும்" என்று கதவிடம் சொல்வார். நான் காப்பியைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்துவிட்டு வருவேன். கதவு வழியாகவே எங்கள் குடும்பம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

இப்போதுதான் சிக்கல். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாசக்கணக்கில் குத்தவைத்து உட்காரக் கூடாது. எங்கள் வீட்டில் இருப்பதோ தரையோடு தரையாகப் பதித்த கக்கூஸ். ஆஸ்பத்திரியில் சட்டி வைத்த நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். மாமா அதைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னே? அந்தச் சட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போய் ஊற்ற வேண்டுமே. வீட்டில் இருப்பது மகன், மருமகள். மருமகள் தன் சட்டியைத் தூக்குவதா?

ஆகவே காலையில் என் வீட்டுக்காரர் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தாங்கி, பாதி நின்ற நிலையில் பிடித்துக்கொள்வார். மாமா கண்ணை மூடிக்கொள்வார். வெளியே வரும்போது இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இருக்காது. ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எதுவும் நடந்திருக்காது என்பது எனக்குத் தெரியும்.

மாமா சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தார். இட்லி குறைந்தது. இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார். தண்ணீர்ச் சொம்பு வைத்தபடியே இருக்கும். பிறகு காப்பியும் வேண்டாம் என்று கதவிடம் சொன்னார். வயசான காலம், அடிபட்ட வருத்தம், பசிக்காது என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வர வேண்டும்... அந்தக் கணக்கைத்தான் மாமா போட்டுக்கொண்டிருந்தார்.

செக்கப்புக்குப் போனபோது டாக்டர் திட்டினார். எலும்பு கூடுகிறது, ஆள் கரைகிறார். தண்ணீர்கூடக் குடிக்காவிட்டால் கிட்னி என்ன ஆகும்? இப்படியே போனால் அட்மிட் பண்ணி டிரிப் ஏற்ற வேண்டியதுதான் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமா மகனைக் கூப்பிட்டு, "என்னைய ஊர்ல கொண்டு விட்ரு. அங்குட்டுப் போயிக் கிடந்துக்கிறேன்" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நல்ல மனிதர். நிலத்தில் இத்தனை வருஷம் உழைத்தவர், காலைக்கடனுக்குக் கூச்சப்பட்டுச் சாவதா?

யோசித்துப் பார்த்தால் தேவைப்பட்டது பெரிய விஷயம் இல்லை. கக்கூஸுக்கு மேலேயே நிற்கிற மாதிரி ஒரு நாற்காலி. நடுவில் ஓட்டை. சட்டி கிடையாது, தூக்க ஆள் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு அவரே போய், அவரே தண்ணீர் ஊற்றிவிட்டு, அவரே வரலாம். தெரிந்த ஆசாரி ஒருவரிடம் சொன்னேன். வாரேன் என்றார், வரவில்லை. இன்னொருவர் எதற்கு என்று கேட்டார். சொன்னதும், இந்த வேலைக்கு நான் உளி எடுக்க மாட்டேம்மா என்று நயமாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது. ஷெட்டில் மரம் இருக்கிறது. இரும்பு பைப் இருக்கிறது. வருஷக்கணக்கில் யாரும் கேட்காத ஸ்டூலாகச் செய்து தள்ளியிருக்கிறேன். இப்போது ஒரு பொருள் ஓர் ஆளுக்கு உண்மையாகவே வேண்டியிருக்கிறது. நான் ஏன் ஆசாரிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்?

செய்யலாம்தான். அளவு? உட்காருகிற உயரம், இடுப்பின் அகலம், கை ஊன்றுகிற இடம். முகம் பார்த்துப் பேசாத மாமனாரிடம் டேப்பை எடுத்துக்கொண்டு போய், கொஞ்சம் உட்காருங்கள் மாமா, அளக்க வேண்டும் என்று சொல்வதா? எதற்கு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வீட்டுக்காரரிடம் டேப்பைக் கொடுத்து அனுப்பினேன். போனவர் சுருக்காகவே வந்து அளவுகளைச் சொன்னார். நானும் குறித்துக்கொண்டேன். அவர் மாமாவை அளக்கவில்லை. அவருக்கும் கூச்சம். மாமா சாப்பிட உட்காரும் டைனிங் டேபிள் நாற்காலியை அளந்துவிட்டு வந்திருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது.

லீவு போட்டுவிட்டு அந்த வாரம் முழுக்க ஷெட்டிலேயே கிடந்தேன். வீடு கட்டியபோது மீந்த தேக்கு நிலைச்சட்டத்தை அறுத்து, ஒட்டி, பலகையாக்கினேன். நடுவில் வட்டம் போட்டு டிரில் வைத்துத் துளைத்து, மெல்லிய ரம்பத்தை விட்டு வளைவாக அறுத்தேன். ஓரத்தை அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு சிராய் குத்தக் கூடாது. தண்ணீர் ஊறாமல் இருக்க வார்னிஷ் மேல் வார்னிஷ். கால்களுக்கு இரும்பு பைப், குறுக்கே பட்டை வைத்து வெல்டிங். ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க அடியில் கனமான ரப்பர் புஷ். இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் அழகு. வாசலில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

வீட்டுக்காரர் அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார். மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் ஹாலில் நின்றோம். நேரம் போனது. மாமா வெளியே வந்தார். "நல்லா இருக்குன்னு சொல்லு" என்றார் மகனிடம். சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். காப்பி வேண்டாமாம்.

மறுநாளும் நல்லா இருக்கு. அதற்கு மறுநாளும் நல்லா இருக்கு. சாப்பாடு மட்டும் ஏறவே இல்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இவ்வளவு செய்தும் இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும்? யாரைக் கேட்பது... கதவையா?

சனிக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் ஷெட்டில் பேண்ட், சட்டையோடு ஒரு பைப்பை ராவிக்கொண்டிருந்தேன். டக், டக் என்று வாக்கர் சத்தம். நிமிர்ந்தால் மாமா. துண்டை எடுத்து மேலே போர்த்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். அவர் மேஜையைப் பார்த்தார். வைஸைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கள் ஷெட்டுக்குக் கதவு கிடையாது. பேசுவதற்கு அங்கே என்னைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"தாயி" என்றார்.

எனக்குக் கையிலிருந்த அரம் நழுவியது.

"சேரு நல்லாத்தேன் இருக்கு. குறை சொல்லல. ஆனா அதுல ஏறி உக்காந்தா பஞ்சாயத்துக்கு உக்காந்த மாதிரி இருக்கு தாயி. காலு தரையில ஊன மாட்டேங்குது. முன்னால பிடிக்க ஒன்னுமில்ல. பஞ்சாயத்துல உக்காந்துக்கிட்டு... அது எப்படித் தாயி வரும்?"

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. சிரித்துவிட்டேன். மாமா ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாக்கர் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

வயக்காட்டில் கால் இரண்டையும் அழுத்தி ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பழகிய உடம்பு அது. நான் அவரைச் சிம்மாசனத்தில் ஏற்றி, காலைத் தொங்கவிட்டு, முதுகை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். எப்படி வரும்? டைனிங் நாற்காலியை அளந்து வந்த விஷயமும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் டாக்டருக்கு போன் போடச் சொன்னேன். முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது, சமமாக இருக்கலாம், பாதம் நன்றாக ஊன்றலாம், லேசாகச் சாயலாம் என்றார் டாக்டர்.

"நீயே அளந்துக்க" என்றார் மாமா.

அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். குதிகாலிலிருந்து முழங்கால் வரை டேப்பைப் பிடித்தேன். கல்யாணத்தன்று விழுந்து கும்பிட்டதற்கு அப்புறம் அவர் காலருகே நான் போனது அன்றைக்குத்தான். வெடித்த குதிகால், மெலிந்துபோன கெண்டைக்கால். இந்த மனிதர் எவ்வளவு இளைத்துவிட்டார் என்று கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. கண் மறைத்தது. டேப்பில் இருந்த எண்ணை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

நாற்காலியின் கால்களை வைஸில் மாட்டி அறுத்தேன். முன்னால் பிடிக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். நேராகவே கேட்டேன், ஆமாம். மாமா விளக்குமாற்றுக் கம்பை எடுத்து முன்னால் பிடித்துக் காட்டினார். ஏர் ஓட்டும்போது மேழி பிடிப்போமே, அந்த உயரம், அந்தச் சாய்வு போதும் என்றார். இரும்புச் சட்டத்தில் மரப்பிடி செதுக்கி மாட்டினேன். பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஒல்லி என்றார். சீவினேன். கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தார். இன்னும் ரெண்டு இழுப்பு என்றார். சீவினேன். இப்ப சரி என்றார். ஷெட்டில் இரண்டு பேர் வேலை பார்த்தால் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைசி வெல்டிங்கைச் சீரியல் நேரத்தில்தான் வைக்க வேண்டியதாகிவிட்டது. டி.வி. சுருங்கியதும் எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டு, "நாந்தேன் பத்தவைக்கச் சொன்னேன்மா. எனக்கு அவசரம்" என்றார். என்ன அவசரம் என்று அந்த அம்மா கேட்காமல் போனதே போதும்.

மறுநாள் விடிந்தது. மாமா வாக்கரோடு போனார். கதவு சாத்திக்கொண்டது. நானும் வீட்டுக்காரரும் ஹாலில் நின்று தினசரி காலண்டரை மும்முரமாகப் படித்தோம். ராகு காலம், எமகண்டம் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு வாளி. இன்னும் ஒரு வாளி. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

மாமா வெளியே வந்தார். படுக்கைக்குப் போகவில்லை. டைனிங் டேபிளுக்கு வந்து உட்கார்ந்தார். சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"தாயி, இட்லி இருக்கா?"

அடுப்படிக்குள் ஓடிப்போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் இட்லியை எடுத்தேன். சொல்வதில் என்ன வெட்கம்? அன்றைக்கு அவர் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று நான் எண்ணவில்லை. மாவு தீர்ந்துவிட்டது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் உடம்பு தேற ஆரம்பித்தது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்று மாமா மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை சொன்னது வேறு மாதிரி. கம்பு விதைக்க வேண்டும், ஆட்களிடம் விட்டால் கெடுத்துவிடுவார்கள் என்றார். வீட்டோடு கக்கூஸ் கூடாது என்று ஆயுசு முழுக்கச் சொல்லி வந்தவர், ஆள் அனுப்பிக் கொல்லைப்புறத்தில் ஒன்று கட்டச் சொல்லிவிட்டார். கட்டி முடித்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கிளம்பினார்.

பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பேரையூர் பஸ்ஸில் மாமாவை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். நாற்காலியை நான் பழைய வேட்டியால் சுற்றிக் கட்டியிருந்தேன். அதை டாப்பில் ஏற்ற வேண்டும். இளவயசுக் கண்டக்டர், என்ன சார் இது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, ஸ்டூல் என்றார்.

ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது.

"ஸ்டூலு இல்லப்பா, கக்கூஸ் சேரு. எம் மருமக செஞ்சது. அடிபடாமப் பாத்து ஏத்து."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அடுத்த பஸ்ஸில் இருந்தவர்களும் திரும்பினார்கள். பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வீட்டுக்காரர் செருப்பைக் குனிந்து பார்த்தார். நான் மட்டும் நிமிர்ந்தே நின்றேன். எனக்கு அந்த இடத்தில் மாலை போட்டிருந்தால்கூட அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

கண்டக்டர் நாற்காலியை மேலே ஏற்றி, கயிறு போட்டு இறுக்கினார். இறங்கி வந்தவர் விசில் ஊதவில்லை. டிரைவரிடம் ஒரு நிமிஷம் என்று கைகாட்டிவிட்டு என்னிடம் வந்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவைத் திருகிக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"அக்கா, எங்கய்யா திருவாதவூர்ல இருக்காரு. கால் விழுந்துருச்சு. நல்லாச் சாப்பிட்டவரு, இப்பப் பசிக்கலைங்கிறாரு. எங்களுக்கும் என்னன்னு தெரியல... இப்பத்தேன் தெரியுது. நான் அளவு எடுத்துட்டு வாரேன். ஒன்னு செஞ்சு தருவீகளா?"

"அளவு நீங்க எடுக்காதீங்க தம்பி" என்றேன். "நானே வாரேன்."